மூன்று ஏரிக்கரைகள்

(பெரியகுளத்தில் கோடை விடுமுறையின்போது நடந்த வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சில இடங்களில் சுருக்கப்பட்டது.)



கோடையை நாம் கழிக்கும் விதம் உங்களுக்குத் தெரியும். கும்பக்கரை அருவியில் தண்ணீர் விழுந்தால் குளிக்கப் போவோம். கையில் கொஞ்சம் காசு இருந்தால் கொடைக்கானலுக்கு ஏறி, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, படகில் அரை மணி நேரம் உட்கார்ந்து, இருட்டுவதற்குள் இறங்கிவிடுவோம். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு நீர்க்கரையில் கோடை முழுக்கத் தங்கி, பாட்டும் படிப்பும் விவாதமுமாக அந்த மாதங்களைச் செலவழித்த மனிதர்கள் உலகத்தில் உண்டு. அப்படி ஓர் இடம் நம் தலைக்கு மேலேயே இருந்தது. அங்கே போகும் வழி இந்த ஊர் வழியாகத்தான் போனது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் தொலைதூரத்து ஏரி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் மேற்கு மூலையில் ஷட்டாக்வா என்று ஓர் ஏரி. 1874 ஆகஸ்டில் அதன் கரையில் ஜான் ஹைல் வின்சென்ட் என்ற பாதிரியாரும் லூயிஸ் மில்லர் என்ற தொழிலதிபரும் ஒரு முகாம் கூட்டினார்கள். மில்லர் அறுவடை இயந்திரங்கள் செய்தவர். பின்னாளில் தாமஸ் ஆல்வா எடிசனுக்கு மாமனார் ஆனவர். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி ஆசிரியர்களுக்கு வேதாகமம் சொல்லித்தரும் பயிற்சி என்பதுதான் தொடக்கம். வந்தவர்கள் கூடாரங்களில் தங்கினார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் பாடத்தோடு சங்கீதம் சேர்ந்தது. பிறகு விஞ்ஞானம், வரலாறு, நாடகம், ஓவியம் எல்லாம் சேர்ந்தன. கூடாரங்கள் மரவீடுகளாயின. கரையில் ஒரு சிற்றூரே உருவாகிவிட்டது. இன்றும் ஒவ்வொரு கோடையிலும் ஒன்பது வாரம் அந்த ஊர் நடக்கிறது. 1925-ல் ஜார்ஜ் கெர்ஷ்வின் என்ற இசையமைப்பாளர் அங்கே ஒரு சின்னப் பயிற்சிக் குடிலில் உட்கார்ந்து தன் பியானோ கான்செர்ட்டோவை எழுதினார். 1936-ல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் போருக்கு எதிரான தன் பேச்சை அங்கேதான் பேசினார். 2022 ஆகஸ்டில் சல்மான் ருஷ்டி கத்தியால் குத்தப்பட்டதும் அந்த மேடையில்தான். எழுத்தாளர்களுக்குப் பாதுகாப்பான இடம் வேண்டும் என்று பேச வந்தவருக்கு அது நடந்தது.

மேடைகளையும் பிரமுகர்களையும் விட என்னை ஈர்ப்பது 1878-ல் அவர்கள் தொடங்கிய வாசிப்பு வட்டம். ஏரிக்கரைக்கு வந்து தங்க எல்லோராலும் முடியாது. கல்லூரிக்குப் போக முடியாதவர்கள், குறிப்பாகச் சிற்றூர்களில் இருந்த பெண்கள், வீட்டிலிருந்தே படிப்பதற்கு நான்காண்டுப் பாடத்திட்டம் போட்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் சில புத்தகங்கள். அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் சேர்ந்தால் ஒரு வட்டம். யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து படித்துப் பேச வேண்டியது. நான்காண்டு முடித்தவர்களுக்குக் கோடையில் ஏரிக்கரையில் ஊர்வலம் வைத்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். நூலகமே இல்லாத பல ஊர்களில் இந்த வட்டங்கள்தான் நூலகம் வருவதற்குக் காரணமாயின. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உரையின் கடைசியில் இதற்குத்தான் வரப்போகிறேன்.

இப்போது நம் மலைக்கு வருவோம்.

ஷட்டாக்வா கூட்டத்துக்கு 29 ஆண்டுகளுக்கு முன்பே, 1845-ல், மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டிவிட்டார்கள். அவர்கள் உல்லாசத்துக்காக ஏறியவர்கள் அல்ல. மதுரைச் சமவெளியில் காலராவும் காய்ச்சலும் அவர்களையும் அவர்கள் குழந்தைகளையும் வரிசையாகக் கொண்டுபோயின. முதலில் சிறுமலையை முயன்று பார்த்தார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. அதற்கும் முன்னால், 1821-ல், வார்டு என்ற நிலஅளவை அதிகாரி பழனி மலையை அளந்து குறிப்பு எழுதியிருந்தார். அவர் தங்கியது வெள்ளகவியில். கும்பக்கரையிலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறினால் வரும் அதே வெள்ளகவிதான். ஊருக்குள் செருப்புப் போடாமல் நடக்கும் வழக்கத்தை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் விடவில்லை. 1834-ல் மதுரை சப்-கலெக்டர் ரௌட்டன், தேவதானப்பட்டியிலிருந்து ஏறி செண்பகனூர்ப் பக்கம் ஒரு சின்ன பங்களா கட்டினார். ஆக, வெள்ளைக்காரர்கள் கொடைக்கானலைக் 'கண்டுபிடித்த' வழிகள் எல்லாமே நம் பக்கத்து அடிவாரத்தில் தொடங்குபவை. பூம்பாறையிலும் வில்பட்டியிலும் மன்னவனூரிலும் அதற்குப் பல தலைமுறைக்கு முன்பே மனிதர்கள் உழுது வாழ்ந்துகொண்டிருந்தார்கள். மலையின் பழங்குடிகளான பளியர்கள் அவர்களுக்கும் முந்தியவர்கள்.

அப்போது கொடைக்கானலில் ஏரி கிடையாது. ஓடை ஓடிய சதுப்புத்தான் இருந்தது. மதுரை கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச், 1863-ல் ஓடையின் குறுக்கே கரை போட்டு 60 ஏக்கர் அளவில் தண்ணீரைத் தேக்கினார். பதவியை விட்ட பிறகு அங்கேயே குடியேறி, முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்து மிதக்கவிட்டார். அந்த ஏரியில் இருந்து வழியும் நீர்தான் மலைச்சாலையில் நீங்கள் வண்டியை நிறுத்திப் பார்க்கும் வெள்ளி அருவி.

ஏரி வந்ததும் ஊரின் குணம் மாறியது. சுற்றிலும் வீடுகள் எழும்பின. தென்னிந்தியா முழுக்க வேலை செய்த பல நாட்டு மிஷன்காரர்களும் ஏப்ரல், மே மாதங்களில் அங்கே கூடினார்கள். கூடியவர்கள் கொடைக்கானல் மிஷனரி யூனியன் என்று ஒரு சங்கம் வைத்தார்கள். சங்கத்துக்குச் சந்தா, சந்தாவில் நூலகம், டென்னிஸ் ஆடுகளம், கூட்டங்கள். ஆண்டு முழுக்கத் தனித்தனி ஊர்களில் தனியாக உழைத்தவர்கள் அங்கே வந்துதான் ஒருவர் படித்ததை இன்னொருவரிடம் சொன்னார்கள். 1901 ஜூலை முதல் தேதி ஏரிக்கு அருகே 13 குழந்தைகளோடு ஒரு பள்ளி திறந்தது. மகனைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து வந்த மார்கரெட் எடி என்ற அம்மையார் அதன் முதல் தலைமை ஆசிரியை ஆனார். ஹைகிளார்க் என்று அழைக்கப்பட்ட அந்தப் பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. வேலூர் மருத்துவக் கல்லூரியை உருவாக்கிய ஐடா ஸ்கடர் கடைசி நாட்களைக் கழித்ததும் இந்த ஊரில்தான். 1960 மே மாதம் இங்கேதான் காலமானார்.

இந்தக் கோடைகளில் என்ன விளைந்தது என்று கேட்டால் நான் இரண்டு பெண்களைச் சொல்வேன்.

ஒருவர் எமிலி போர்ன். கணவர் ஆல்ஃபிரட் போர்ன் சென்னை மாநிலக் கல்லூரியில் உயிரியல் பேராசிரியர். இருவரும் பழனி மலையின் செடிகளைத் தேடித்தேடிச் சேகரித்தார்கள். எமிலி அவற்றை வரைந்தார். அதே கல்லூரியின் தாவரவியல் பேராசிரியர் ஃபைசன், நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்களைப் பற்றி 1915 முதல் வெளியிட்ட தொகுதிகளில் அந்த ஓவியங்கள் இடம்பெற்றன. ஃபைசனின் மனைவியும் அவற்றுக்கு வரைந்தார். 1932-ல் தென்னிந்திய மலைவாச ஊர்களின் தாவரங்களைப் பற்றி ஃபைசன் எழுதிய பெரிய நூல் அந்த உழைப்பின் தொடர்ச்சி. மலைக்குப் போனவர் கையில் எடுத்துக்கொண்டு, வழியில் பூத்ததற்குப் பெயர் கண்டுபிடிக்கலாம். அதற்காகவே எழுதப்பட்ட புத்தகம் அது. பின்னால் பாதிரியார் கே.எம். மேத்யூ 1999-ல் பழனி மலைத் தாவரங்களைப் பற்றி விரிவான தொகுதிகள் கொண்டுவந்தார். நூறாண்டுத் தொடர்ச்சி அது.

இன்னொருவர் மேரி எவர்ஷெட். 1899-ல் வானாய்வுக்கூடம் சென்னையிலிருந்து கொடைக்கானலுக்கு மாறியது. அங்கே வந்த ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு உள்ளிருந்து வெளிநோக்கி ஓடுவதை 1909 ஜனவரியில் கண்டார். எவர்ஷெட் விளைவு என்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் அது இருக்கிறது. மேரி அவருடைய மனைவி. தாமே வானியல் அறிந்தவர். இத்தாலியக் கவி தாந்தேயின் காவியத்தில் வரும் நட்சத்திரங்களையும் வானத்தையும் ஆராய்ந்து அவர் எழுதிய நூல் அவர் கொடைக்கானலில் வாழ்ந்த காலத்தில் வெளிவந்தது. நம் மலையில் உட்கார்ந்து, பகலில் சூரியனையும் மாலையில் இத்தாலியக் கவிதையையும் படித்த ஒரு பெண்! கலையும் அறிவும் ஒரே மனதில் குடியிருக்கும் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சாட்சி வேண்டாம். நம் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பு முடிந்ததும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரித்து நிறுத்துகிறோமே, அப்போதெல்லாம் மேரி எவர்ஷெட்டை நினைத்துக்கொள்கிறேன்.

இதெல்லாம் மேலே நடந்தது. கீழே நடந்தது என்ன?

1875-ல் ரயில் வந்தது. மலைக்குப் போகிறவர்கள் அம்மையநாயக்கனூரில், அதாவது இன்றைய கொடை ரோடு நிலையத்தில், இறங்கினார்கள். அங்கிருந்து மாட்டு வண்டி. வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி வழியாக இரவு முழுக்க ஆடி ஆடி வந்து, விடியும்போது பெரியகுளத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பில் இறங்குவார்கள். அங்கிருந்து சுமார் 12 மைல் ஏற்றம். முடிந்தவர் நடந்தார், குதிரை இருந்தவர் குதிரையில் போனார். பெண்களும் குழந்தைகளும் நோயாளிகளும் டோலியிலும் நாற்காலியிலும் போனார்கள். தூக்கியவர்கள் நம் ஊர்க்காரர்கள். தோள் மாற்றித் தோள் மாற்றி, ஆறாயிரம் அடிக்கு மேல் ஏறினார்கள். அந்தப் பாதைக்கே 'கூலி காட்' என்று பெயர் விழுந்தது. பெட்டிகள், மெத்தைகள், பாத்திரங்கள் போனதும் அவர்கள் தலையில்தான். நூலகத்துப் புத்தகங்களும், பாட்டுக் கூட்டத்துக்கு வேண்டிய வாத்தியங்களும், ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிகளும் மேலே போய்ச் சேர வண்டிப் பாதை ஏது? மலைச்சாலை 1914-ல்தான் முடிந்தது. 1916-ல் பொதுப் போக்குவரத்துக்குத் திறந்தார்கள். அதன் பிறகு நம் காட்ரோடு பிரிவிலிருந்து மோட்டார் வண்டிகள் ஏறத் தொடங்கின, தோப்பை மறந்துவிட்டார்கள்.

தூக்கிக்கொண்டு போனவர்களில் ஒருவராவது அந்த நூலகத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து படித்திருப்பாரா? நாற்காலியைத் தோளில் சுமந்தவருக்கு நாற்காலியில் இடமில்லை. மிஷன்காரர்கள் சமவெளியில் பள்ளிகள் வைத்தார்கள், மருத்துவமனைகள் வைத்தார்கள், பலருக்குப் படிப்புக் கொடுத்தார்கள். அதை மறுப்பது நன்றிகெட்டதனம். ஆனால் அந்தக் கோடைச் சமூகம் தனக்குள் மட்டும் பேசிக்கொண்டது. தமிழ்நாட்டு மலையில் நடந்தும் தமிழ் அதன் கூடத்து மொழியாக இல்லை.

இந்தக் குறையை ஷட்டாக்வாவிலேயே ஒருவர் உணர்ந்தார். வில்லியம் ஜேம்ஸ் என்ற தத்துவப் பேராசிரியர், உளவியல் துறையின் முன்னோடி. 1890-களில் ஒரு கோடையில், ஒரு நாள் பார்த்துவிட்டு வரலாம் என்று அங்கே போனவர் ஒரு வாரம் தங்கிவிட்டார். குடியில்லை, சண்டையில்லை, திருட்டில்லை. எங்கு பார்த்தாலும் பாட்டு, படிப்பு, விளையாட்டு, நல்ல மனிதர்கள். மயங்கிப் போனார். ஆனால் வெளியே வந்ததும் ஒரு பெருமூச்சு விட்டதாக எழுதுகிறார். ஏதோ ஒன்று அங்கே இல்லை. என்ன என்று அவருக்கே உடனே தெரியவில்லை. பிறகு ரயிலில் போகும்போது, உயரத்தில் இரும்பு வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளி ஒருவன் கண்ணில் பட்டான். தான் தேடியது அங்கே இருந்தது என்று புரிந்துகொண்டார். உயிரைப் பணயம் வைத்து, வியர்வை சிந்தி, எடையோடு போராடும் வாழ்க்கை. ஆபத்தும் உழைப்பும் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட இடத்தில் அறிவு எவ்வளவு இருந்தாலும் சப்பென்று ஆகிவிடுகிறது. ஜேம்ஸ் அங்கேயே நிற்கவில்லை. உழைப்பு மட்டும் போதாது, அதற்கு ஓர் இலட்சியமும் சேர வேண்டும் என்று மேலே போகிறார். எனக்கு அவருடைய ரயில் ஜன்னல் முக்கியம். கூலி காட் பாதையில் இறங்கி நடந்திருந்தால் அந்தக் காட்சியை அவர் பெரியகுளத்திலும் கண்டிருப்பார்.

தமிழர்கள் நடத்திய நீர்க்கரைக் கூட்டங்கள் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தில் குற்றாலத்தில் குடியிருந்தார். திருநெல்வேலியில் அவர் வீட்டு வட்டத்தொட்டியில் தொடங்கிய கூட்டம் குற்றாலச் சாரலில் இன்னும் விரிந்தது. கல்கி வருவார், ராஜாஜி வருவார், பெயர் தெரியாத இளைஞர்களும் வருவார்கள். அருவியில் குளித்துவிட்டு வந்தால் சாப்பாடு. சாப்பாடு முடிந்தால் கம்பன். டி.கே.சி. ஒரு பாட்டை எடுத்தால் அதிலேயே அரைப் பகல் போகும். கவிதையை வாய்விட்டுச் சொல்லிச் சுவைக்கும் பழக்கத்தை ஒரு தலைமுறைக்கே அந்த வீடு கற்றுக்கொடுத்தது. தமிழ் மணந்த கூடம் அது. ஆனால் 1954-ல் டி.கே.சி. மறைந்தபோது அதுவும் முடிந்தது. பின்னாளில் கவிஞர் கலாப்ரியா அதே குற்றாலத்தில் நவீன கவிஞர்களைக் கூட்டினார். அதன் சூடு இன்றைய கவிதையிலும் தெரிகிறது. ஊட்டியில் நடராஜ குரு 1923-ல் தொடங்கிய நாராயண குருகுலத்தில், அவருடைய சீடர் நித்ய சைதன்ய யதியின் நினைவோடு எழுத்தாளர் ஜெயமோகனும் நண்பர்களும் நடத்திய கோடை இலக்கிய முகாம்கள், நேர ஒழுங்கோடு விவாதிக்க ஒரு புதிய கூட்டத்தைப் பழக்கின.

கொடைக்கானலில் சங்கம் இருந்தது, சந்தா இருந்தது, கட்டடம் இருந்தது, ஊர்க்காரர்கள் இல்லை. குற்றாலத்தில் தமிழும் உயிரும் இருந்தன. டி.கே.சி.யோடு அவை போய்விட்டன. இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க நமக்கு ஒரு மூன்றாவது கரை வேண்டும். அது நம் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது.

வைகை அணையைச் சொல்கிறேன். ஆண்டிபட்டிப் பக்கம் 111 அடி உயரத்தில் நின்று, 71 அடி வரை நீர் தேக்கும் அணை. 1959 ஜனவரியில் காமராஜர் திறந்துவைத்தார். பள்ளிச் சுற்றுலாவில் பூங்காவைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்த ஏரிக்குள் இருக்கும் கலைக் கதையை யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?

அணை வேலை நடந்தபோது பண்ணைப்புரத்துச் சிறுவன் ஒருவன் அங்கே கூலிக்குப் போனான். படிப்புச் செலவுக்குக் காசு வேண்டியிருந்தது. அந்தச் சிறுவன்தான் இளையராஜா. அணையில் வேலை செய்ததை அவரே சொல்லியிருக்கிறார். அதே அணையில் தண்ணீர் ஏறியபோது, கரையோரத்து ஊர்கள் மூழ்கின. மூழ்கிய ஊர் ஒன்றில் பிறந்த குழந்தை, குடும்பத்தோடு வடுகபட்டிக்குக் குடிபெயர்ந்தது. அது வைரமுத்து. பல ஆண்டு கழித்து, நிலத்தை இழந்த அந்த மக்களின் கதையைக் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' என்று அவர் எழுதினார். 2003-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருது அதற்குக் கிடைத்தது. ஒரே ஏரி. ஒருவர் அதைக் கட்டக் கூலி வேலை செய்தார். இன்னொருவர் அதனால் ஊரை இழந்தார். தமிழ்நாடு பாடிய எத்தனையோ பாட்டுகள் இந்த இருவரிடமிருந்தும் வந்தவை. ஷட்டாக்வாவில் வில்லியம் ஜேம்ஸ் தேடிக் காணாதது இங்கே தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது!

இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். 1958-ல் மலைக்கு அப்பால் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் வந்தபோது, தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்களிடம் போய்ப் பாடினார். கூலியைப் பற்றி, உரிமையைப் பற்றி, அன்றைய அரசியலைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த மெட்டிலேயே சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்த மேடைதான் பள்ளிக்கூடம். தம்பிகள் பாஸ்கரும் இளையராஜாவும் கங்கை அமரனும் இசை பழகியதும் அந்த மேடைகளில்தான். சந்தா கட்டும் நூலகம் அவர்களுக்குக் கிடையாது. இந்தப் பள்ளத்தாக்கின் கலை சுமை தூக்கியவர்களின் கலை.

அது இன்றும் நிற்கவில்லை. அல்லிநகரத்தில் இருந்துகொண்டு ம. காமுத்துரை ஆலைத் தொழிலாளர் வாழ்க்கையை நாவலாக எழுதினார். சிறு வயதில் பார்வையின்றி வளர்ந்த அனுபவத்தைத் தேனி சீருடையான் 'நிறங்களின் உலகம்' என்று எழுதினார். ஆண்டிபட்டியில் இருந்துகொண்டு உமா மகேஸ்வரி கவிதையும் நாவலும் எழுதினார். ஒருவரை ஒருவர் சந்திக்க, பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச, ஒரு கோடைக்கூடம் இங்கே இல்லாமல் இருப்பது நியாயமா?

கோடையில் நீர்க்கரையில் கூடுவது நமக்குப் புதிதும் அல்ல. சித்திரை மாதம் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு முல்லையாற்றங்கரையில் எட்டு நாள் எவ்வளவு கூட்டம் கூடுகிறது! அக்கினிச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் தூக்கிக்கொண்டு ராத்திரி பகலாக ஜனம் வருகிறது. அந்த ஆயிரங்கண் பானையை வனையும் குயவருடைய கைநுட்பம் ஒரு பாடம். கரையில் விழும் கொட்டின் தாளக்கட்டு ஒரு பாடம். அதற்குள் இறங்கிக் கேட்டு எழுதிவைத்தவர் மிகக் குறைவு.

சரி, என்ன செய்யலாம்? வெறும் ஆசையைச் சொல்லிவிட்டு இறங்க எனக்கு மனமில்லை.

நம் பள்ளத்தாக்கின் விவசாயக் கணக்கைப் பாருங்கள். 1895-ல் பென்னிகுக் கட்டி முடித்த பெரியாறு அணையிலிருந்து முதல் போகத்துக்கு ஜூன் முதல் தேதி தண்ணீர் திறப்பது வழக்கம். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறது. அதற்கு முன்னால் மே மாதம் வயல் காய்ந்து கிடக்கும். நெல் விவசாயிக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும் மாதம் அதுதான். பள்ளிக்கும் விடுமுறை. மிஷன்காரர்கள் வெயிலுக்குப் பயந்து மலையேறிய அதே மாதம், நமக்கு இயல்பாகவே கற்கும் மாதமாக அமைந்திருக்கிறது. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடிகாலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களுக்கு மட்டும் இந்த ஓய்வு கிடையாது. திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கும் கிடையாது. அதனால் கூட்டத்தைப் பகலில் வைக்கக்கூடாது. அவர்கள் ஜீப்பில் திரும்பி, குளித்து, உலை வைத்த பிறகு, ஏழரை மணிக்குத் தொடங்க வேண்டும். இதை ஒரு சலுகை என்று நினைக்காதீர்கள். அவர்கள் இல்லாவிட்டால் நாமும் கொடைக்கானல் நூலகத்தைத்தான் திரும்பக் கட்டுவோம்.

பெரிய கட்டடம் தேவையில்லை. ஷட்டாக்வாவும் கூடாரத்தில்தான் தொடங்கியது. தேவைப்படுவது ஒரு சிறு சந்தா, ஒரு கணக்கு நோட்டு, ஆண்டுதோறும் மாறும் ஒரு நிர்வாகக் குழு. குற்றாலத்துக்கு நேர்ந்தது நமக்கு நேராமல் இருக்க வேண்டுமானால், யாரையும் நிரந்தரத் தலைவராக்காதீர்கள். இப்போது பேசிக்கொண்டிருக்கும் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதல் ஆண்டு ஏரிக்கரைக்கே போக வேண்டாம். வாசிப்பு வட்டங்களில் தொடங்குவோம். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, தேனி, ஆண்டிபட்டி, பெரியகுளம். ஊருக்கு ஒரு வட்டம், வட்டத்துக்குப் பத்துப் பேர் போதும். எல்லா வட்டமும் அந்த ஆண்டு ஒரே மூன்று புத்தகங்களைப் படிக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு இன்னொருவர் வாய்விட்டுப் படித்துக்காட்டட்டும், டி.கே.சி. வீட்டில் நடந்ததும் அதுதானே. ஒரு புத்தகம் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' ஆக இருக்கலாம். இரண்டாவது, நம் மலையின் செடிகொடிகளைப் பற்றித் தமிழில் எழுதப்பட வேண்டிய சிறு கையேடு. எமிலி போர்னும் ஃபைசனும் ஆங்கிலத்தில் செய்ததை நம் பிள்ளைகள் தமிழில் வரைந்து எழுதட்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. சந்தேகம் கேட்க அங்கே போவதில் என்ன தயக்கம்? மூன்றாவதை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

அடுத்த மே மாதம் எல்லா வட்டங்களும் வைகை அணைக் கரையில் மூன்று மாலைகள் கூட வேண்டும். அணையின் மதகை இயக்கும் ஒருவர் வந்து, நீர்மட்டத்தை எப்படி அளக்கிறார்கள், கன அடி என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டும். மூழ்கிய ஊர்களில் பிறந்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் தெருக்களின் பெயர்களைச் சொல்ல, பிள்ளைகள் வரைபடம் போட வேண்டும். மூன்றாம் மாலை பாட்டு.

இதற்கு யார் யார் வருவீர்கள் என்று நான் மேடையில் கைதூக்கச் சொல்லப்போவதில்லை. வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெயரையும் ஊரையும் எழுதுங்கள். பக்கத்தில், உங்களால் மற்றவர்களுக்குச் சொல்லித்தர முடிந்த ஒரு விஷயத்தையும் எழுதுங்கள். ஏலக்காய் தரம் பிரிப்பதாக இருக்கலாம், திராட்சைக் கொடியைக் கவாத்து செய்வதாக இருக்கலாம், யாப்பிலக்கணமாக இருக்கலாம். அந்தப் பட்டியலை வைத்துத்தான் முதல் கோடையின் பாடத்திட்டத்தைப் போடப்போகிறோம். கூட்டம் முடிந்ததும் குழு அமைக்க ஒரு மணி நேரம் இங்கேயே இருப்போம்.